கண்டி யுத்த மயானத்தில் எங்கள் பட்டாளத்துத் தாத்தாவைத் தேடுகிறேன்

புசல்லாவைப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். குடும்ப விஷயம் ஒன்றுக்கு உதவி வேண்டும்.

என் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். வீட்டில் அவரைப் பட்டாளத்துத் தாத்தா என்றுதான் சொல்வோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறந்துபோனார். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் எங்கள் தோட்டத்தில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை. அப்பாவும் அவரைக் கண்ணால் கண்டதில்லை. தாத்தா சொல்லக் கேட்டதை வைத்துத்தான் பேசுவார்.

தாத்தா சொன்ன கதை இது. அண்ணன் பிறந்தது புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். இருபது வயது போல இருக்கும்போது, குலதெய்வத்துக்குக் கும்பிடு போடப் பெரியவர்களோடு இந்தியாவில் துறையூர்ப் பக்கம் ஊருக்குப் போனார். மற்றவர்கள் திரும்பி வந்தார்கள், அவர் வரவில்லை. திருச்சியில் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. போர் நடந்துகொண்டிருந்தபோது ஒரே ஒரு தடவை காக்கி உடுப்போடு லயத்துக்கு வந்திருக்கிறார். வரும்போது ஒரு பை சீனி கொண்டு வந்தாராம். சீனிக்குத் தட்டுப்பாடான நேரம், பக்கத்துக் காம்பராக்களுக்கெல்லாம் பூட்டி, அதாவது தாத்தாவின் அம்மா, கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்தாராம். தாத்தா அப்போது சின்னப் பையன். அண்ணனின் பூட்ஸைக் கழற்றி வாங்கி, விளக்கெண்ணெய் போட்டுத் துடைத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாராம். விடியற்காலையில், வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்பே அண்ணன் புறப்பட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு செய்திதான் வந்தது. காய்ச்சல் கண்டு கண்டியில் இறந்துபோனார் என்று. அந்தச் செய்தியும் கண்டியிலிருந்து நேராக வரவில்லை. பட்டாளத்தில் கொடுத்த விலாசம் துறையூர் விலாசம் என்பதால் முதலில் அங்கே போயிருக்கிறது. அங்கிருந்து சொந்தக்காரர் ஒருவர் எழுதிய கடிதம் மாதக்கணக்கில் கழித்துப் புசல்லாவைக்கு வந்திருக்கிறது. புசல்லாவையிலிருந்து கண்டி எவ்வளவு தூரம் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். பூட்டிக்கு மகனின் முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

எங்கள் கையில் இருப்பது ஒரு பதக்கம் மட்டும். ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறுபக்கம் ஒரு சிங்கம், இரண்டு தலை உள்ள பாம்பு மாதிரி ஒன்றின் மேல் ஏறி நிற்கிறது. 1939, 1945 என்று போட்டிருக்கிறது. ரிப்பன் நைந்துபோய்விட்டது.

கண்டியில் வெள்ளைக்காரர் காலத்து மயானம் இருக்கிறது என்று தெரியும். நம் ஆட்களையும் அங்கே அடக்கம் செய்தார்களா? பெயர்ப் பட்டியல் எங்காவது கிடைக்குமா? போனால் படையல் மாதிரி ஏதாவது வைக்க விடுவார்களா? அப்பாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஏற முடியாது. தெரியாமல் அலைய வைக்க மனமில்லை, அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன்.

கெட்டம்பே டீச்சர்:

தம்பி, நான் கண்டியில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அந்த மயானத்துக்கு என் பிள்ளைகளை வருஷா வருஷம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இடம். கண்டியில் வெள்ளைக்காரர் காலத்து மயானம் என்றால் இரண்டு இருக்கிறது. தலதா மாளிகைக்குப் பின்னால், மியூசியத்துக்குப் பக்கத்தில் இருப்பது கரிசன் மயானம். அது 1817இல் தொடங்கியது. அங்கே கிடப்பவர்கள் அந்தக் காலத்து அதிகாரிகள், அவர்களுடைய மனைவி மக்கள். உங்கள் தாத்தா அங்கே இருக்க வழியில்லை. நீங்கள் போக வேண்டியது யுத்த மயானம். முன்பு பிட்டகந்த இராணுவ மயானம் என்பார்கள். டவுனிலிருந்து பேராதனைப் பக்கமாகப் போகும்போது தெவெனி ராஜசிங்க மாவத்தையில் இருக்கிறது, மகாவலி ஆற்றுப் பக்கம். ஓட்டோக்காரரிடம் வெறும் ‘செமட்ரி’ என்று சொல்லாதீர்கள், டவுனுக்குள்ளே இருப்பதற்குக் கொண்டுபோய் விடுவார். ‘வோர் செமட்ரி’ என்று சொல்லுங்கள்.

நம் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டீர்கள். இருக்கிறார்கள். மொத்தம் 203 பேர். பிரிட்டிஷ்காரர் 107, கிழக்கு ஆபிரிக்கர் 35, இலங்கையர் 26, இந்தியர் 23, கனடாக்காரர் 6, இத்தாலியர் 3, பிரெஞ்சுக்காரர் ஒருவர், யார் என்றே தெரியாதவர்கள் 2 பேர். இலங்கை மண்ணில் தரைச் சண்டை நடக்கவில்லை. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பான்காரர் குண்டு போட்டார்கள், மலைநாட்டுக்கு அதுவும் வரவில்லை. ஆனால் 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றினார். கண்டி முழுக்கப் பட்டாளம். இங்கே இறந்தவர்களில் கூடுதலானோர் சண்டையில் சாகவில்லை, நோயிலும் விபத்திலும் போனவர்கள். உங்கள் வீட்டில் காய்ச்சல் என்று சொல்வது அதற்குப் பொருந்தி வருகிறது.

அந்த 35 ஆபிரிக்கப் பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. 11ஆவது கிழக்கு ஆபிரிக்கப் படைப்பிரிவு பர்மாவுக்குப் போகும் முன் இலங்கைக் காட்டில்தான் பயிற்சி எடுத்தது. கென்யா, உகண்டா, நியாசலாந்து, தங்கனிக்கா என்று எங்கெங்கோ பிறந்தவர்கள். அவர்களுடைய தாய்மாருக்கு எந்தக் கடிதம் எந்த விலாசத்துக்குப் போயிருக்குமோ. உங்கள் பூட்டியின் கதையைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இப்போது தேடும் வழி. இந்த மயானங்களைப் பராமரிப்பது பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணையம். அவர்களுடைய இணையதளத்தில் எல்லாப் பெயர்களும் இருக்கின்றன, காசு கட்ட வேண்டியதில்லை. ஆனால் பெயரைப் போட்டுத் தேடத் தொடங்காதீர்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய கிளார்க் எந்த ஊர்க்காரரோ தெரியாது. ராமசாமி ஒரு இடத்தில் ராமஸ்வாமி, இன்னொரு இடத்தில் ராமாசமி. அப்பா பெயர் முன்னால் வரும், அல்லது வராது. அதனால் மயானத்தின் பெயரைப் போடுங்கள். கண்டி யுத்த மயானம் என்று எடுத்து, எல்லாப் பெயரையும் மேலிருந்து கீழே வாசியுங்கள். ஒரு மணி நேர வேலை. வாய்விட்டு வாசித்தால் இன்னும் நல்லது. எழுத்தில் தெரியாத பெயர் காதில் விழும்போது தெரிந்துவிடும்.

அடுத்தது பதக்கம். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது 1939–45 போர்ப் பதக்கம். சிங்கம் நிற்பது இரண்டு தலை டிராகன் மேல். அந்தப் பதக்கத்தைத் தட்டையாக வைத்துப் பார்க்காதீர்கள், நாணயத்தைப் பிடிப்பது போல நிறுத்திப் பிடித்து விளிம்பைப் பாருங்கள். பிரிட்டிஷ் படையினருக்கு இதைப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்ததில் விளிம்பில் எண், பெயர், பிரிவு மூன்றையும் வெட்டியிருப்பார்கள். அழுக்கு ஏறியிருந்தால் புளி போட்டுத் தேய்த்துவிட வேண்டாம், எழுத்து மழுங்கிவிடும். மெல்லிய துணியால் துடைத்து, பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் பாருங்கள்.

விளிம்பில் எழுத்து இருந்தால் 26 இலங்கையரில் தேட வேண்டாம், 23 இந்தியரில் தேடுங்கள். ஆணையம் கணக்கு எடுப்பது எந்த நாட்டுப் படையில் இருந்தார் என்பதை வைத்து. எங்கே பிறந்தார், தாய் தகப்பன் எங்கே இருந்தார்கள் என்பதை வைத்து இல்லை.

கண்டியில் கிடைக்காவிட்டால் மனம் விட வேண்டாம். கொழும்பில் லிவரமெந்து மயானம், திருகோணமலையில் நிலாவெளி வீதி மயானம் இருக்கின்றன. பர்மாவில் ரங்கூனுக்கு வெளியே தௌக்யான் என்ற இடத்தில், கல்லறை தெரியாதவர்களுக்காக ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 27,000 பெயர்கள், பெரும்பாலும் இந்தியப் படை. தகனம் செய்யப்பட்ட இந்துச் சிப்பாய்களின் பெயர்கள் தனியாக வேறு நினைவிடங்களில் இருக்கும்.

மாத்தளை மைந்தன்:

பேரன், உங்கள் உணர்வு புரிகிறது. ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன். அது வெள்ளைக்காரனின் போர். நம் ஆட்களை இராமேஸ்வரம், தலைமன்னார் என்று நடத்திக் கொண்டு வந்து தேயிலைக்கு உரமாக்கினவர்கள், போர் வந்ததும் துப்பாக்கியும் கொடுத்தார்கள். அவர்கள் கட்டிய மயானத்தில் போய்ப் பூ வைப்பதை விட, தோட்டத்துச் சுடுகாட்டில் பெயரில்லாமல் கிடக்கும் நம் ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு ஒரு கல் வைத்தால் என்ன?

கெட்டம்பே டீச்சர்:

மாத்தளை மைந்தன், இரண்டாவது சொன்னதோடு எனக்கு முழுச் சம்மதம். அதை யாராவது தொடங்கினால் என் பங்குக்குக் காசு தருகிறேன். முதலாவதுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்ட கேள்வியை இந்த நாட்டில் முன்பே கேட்டிருக்கிறார்கள். முதலாம் உலகப் போருக்குப் பிறகு, நவம்பர் 11ஆம் திகதி பொப்பிப் பூ விற்பார்கள். அந்தக் காசில் பெரும்பங்கு பிரிட்டனுக்குப் போனது, இங்கே கை கால் இழந்து வந்த படையினருக்குக் கிடைத்தது சொற்பம். அதை எதிர்த்து 1931இல் சூரிய மல் இயக்கம் தொடங்கியது. சூரிய மல் என்றால் நம் பூவரசம்பூ. அதே நாளில் அதை விற்று இங்குள்ளவர்களுக்குக் காசு சேர்த்தார்கள். போகப்போக அது பெரிய ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமானது, 1934 மலேரியாவின்போது அதே இளைஞர்கள்தான் ஊர் ஊராக மருந்து கொண்டு போனார்கள். கவனியுங்கள், அவர்கள் போரை எதிர்த்தார்கள். போருக்குப் போன நம் பையன்களைக் கைவிடவில்லை.

இந்தக் கல்லறை ஆணையமும் குறையில்லாதது இல்லை. 1917இல் தொடங்கியபோது அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல், இனம் மதம் பார்க்க மாட்டோம் என்றார்கள். ஐரோப்பாவில் அதைச் செய்தார்கள். ஆபிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும், முதலாம் போரில் இறந்த கறுப்பு, இந்தியப் படையினரில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லி நினைவுகூரவே இல்லை. 2021இல் ஆணையமே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. அப்படியிருக்க, கண்டியில் நம் பையன் ஒருவனுக்குப் பெயரோடு ஒரு கல் இருக்குமென்றால், அதை நாம் போய்ப் பார்க்காமல் விடுவது சரியா?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்த மயானத்தில் இத்தாலியர் மூன்று பேர் இருக்கிறார்கள், பிரிட்டன் எதிர்த்துச் சண்டை போட்ட நாட்டுக்காரர்கள். அவர்கள் தலைமாட்டிலும் கல் இருக்கிறது, புல் வெட்டுகிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் துயிலுமில்லங்களை இடித்துத் தரைமட்டமாக்கியதைக் கண்ணால் பார்த்த சனம் நாங்கள். இறந்தவனுக்கு ஒரு கல்லை விட்டுவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோத்தகிரி அக்கா:

வணக்கம். நாங்கள் 1964 சாஸ்திரி ஒப்பந்தத்தில், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது கப்பலேறி வந்தவர்கள். நான் பிறந்தது தலவாக்கலை, வளர்ந்தது நீலகிரி. தம்பி எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் தாய்மாமனும் அப்படித்தான், ஊருக்கு வந்த இடத்தில் பட்டாளத்தில் சேர்ந்தவர். மாசம் பிறந்தால் சம்பளம், சாப்பாடு, உடுப்பு என்று சொல்லி ஊர் ஊராக ஆள் எடுத்தார்களாம். தோட்டத்தில் துரைக்குத் தொப்பியைக் கழற்றி நின்ற பையனுக்கு அது பெரிசாகத் தெரிந்திருக்கும்.

விளிம்பில் எண் கிடைத்தால் அதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பெயரை விட எண்தான் முக்கியம். இந்தியப் படையின் சேவைப் பதிவுகள் அந்தந்தப் பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீசில் இருக்கும். எண்ணும் பிரிவும் இல்லாமல் எழுதினால் பதில் வராது.

புசல்லாவைப் பேரன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. டீச்சர், கிடைத்துவிட்டார்.

முதலில் பதக்கம். நீங்கள் சொன்னபடி நிறுத்திப் பிடித்து போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் அடித்தேன். இவ்வளவு காலம் கோடு கோடாகத் தேய்மானம் என்று நினைத்தது எழுத்து. எண், பெயர், கடைசியில் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. தேடிப் பார்த்தேன், ரோயல் இந்தியன் ஆமி சேர்விஸ் கோர்ப்ஸ், படைக்குச் சாமான் சாப்பாடு கொண்டு போகும் பிரிவு. அந்தச் சீனிப் பை எங்கிருந்து வந்தது என்று அப்பாவுக்கு இப்போதுதான் விளங்கியது.

பிறகு மயானப் பட்டியலை வாய்விட்டு வாசித்தேன். அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இந்தியர் பெயர்களில் ஒன்றை நான் தடக்கித் தடக்கி வாசித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டார். பெயர் எழுதியிருந்த விதத்தில் நானாக இருந்தால் பார்த்தும் தாண்டிப் போயிருப்பேன். எண் பதக்கத்தோடு ஒத்துப்போகிறது. தகப்பன் பெயர் எங்கள் பூட்டனின் பெயர். இறந்தது 1944.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தோம். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நான் நினைத்தது போல ஆளுயரக் கற்கள் இல்லை. தரையோடு தாழ்ந்த கற்கள், முகப்பு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், குனிந்துதான் வாசிக்க வேண்டும். வரிசைகளுக்கு இடையில் பூச்செடி, எங்கும் ஒரே அளவாக வெட்டிய புல். பெரிய வெள்ளைச் சிலுவை ஒன்று, அதன் மேல் கீழ்நோக்கிய வாள். அங்கே வேலை செய்பவர் நல்ல மனுஷர். வரிசை எண்ணைச் சொன்னதும் கையைப் பிடித்து அப்பாவைக் கூட்டிப் போனார்.

நாங்கள் செவ்வந்திப் பூ, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு பொட்டலம் சீனி கொண்டு போயிருந்தோம். சீனி அப்பாவின் யோசனை. கற்பூரமும் எண்ணெயும் கல்லில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் அந்த ஐயா, கறை பிடித்தால் போகாதாம். அதனால் புல்லில் வாழையிலை போட்டு வைத்தோம். யாரும் தடுக்கவில்லை.

கல்லில் உள்ள எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எண், பெயர், பிரிவு, திகதி. அப்புறம் வீட்டுக்கு வந்து இணையப் பதிவில் உள்ளதையும் வாசித்தேன். ‘இன்னாரின் மகன், துறையூர், திருச்சினாப்பள்ளி ஜில்லா’ என்று இருந்தது. அப்பா மறுபடியும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “புசல்லாவை எங்கடா?” என்றார்.

புசல்லாவை இல்லை. ஒரு இடத்திலும் இல்லை.

அதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் எனக்குத் தெரியும், இங்கே உள்ள பலருக்கும் தெரியும். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது தாத்தாவையும் இந்தியக்காரர் என்றுதான் சொன்னார்கள். புசல்லாவையில் பிறந்து, புசல்லாவையில் கவ்வாத்து வெட்டி, துறையூரை ஒரு தடவைகூடப் பார்க்காத மனுஷர் அவர். 1964 ஒப்பந்தத்தில் அத்தை குடும்பம் அந்தப் பக்கம் எழுதப்பட்டுப் போய்விட்டது. அப்பா ‘நாடற்றவர்’ என்ற பெயரோடு இருந்து, 2003ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகுதான் அடையாள அட்டை எடுத்தார். தம்பிக்கு நடந்தது அண்ணனுக்கு அதற்கு முன்பே, செத்த பிறகு நடந்திருக்கிறது. பிறந்த இடத்துக்கும் புதைத்த இடத்துக்கும் நடுவில் கம்பளை டவுன் ஒன்றுதான், ஆனாலும் அவர் இந்தியர் 23 பேரில் ஒருவர்.

துறையூரை எடுக்கச் சொல்லவில்லை, அதுவும் எங்கள் ஊர்தான். புசல்லாவையையும் அதில் சேர்க்க முடியுமா? ஆணையத்துக்கு எழுதினால் கேட்பார்களா?

கெட்டம்பே டீச்சர்:

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேட்பார்கள். பதிவில் பிழை இருந்தாலும், தகவல் விடுபட்டிருந்தாலும் ஆணையத்துக்கு எழுதலாம், அதற்கென்று வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் வாய்ச்சொல்லை ஏற்க மாட்டார்கள், ஆவணம் வேண்டும். கல்லை மாற்றுவது வேறு விஷயம், அதில் இறங்க வேண்டாம். மேலதிகத் தகவல் என்று இணையப் பதிவில் ஒரு வரி இருக்கிறதே, துறையூர் இருக்கும் அதே வரி, அதில் சேர்க்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது அவருடைய பிறப்புப் பதிவு. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைத் துரைமார் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே விதி இருந்தது. அதனால் பதிவு இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. புசல்லாவை கண்டி, நுவரெலியா இரண்டு மாவட்ட எல்லையிலும் இருப்பதால், உங்கள் தோட்டம் எந்தப் பக்கம் என்பதை முதலில் சரியாகப் பார்த்துக்கொண்டு அந்த மாவட்டக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், விண்ணப்பியுங்கள். திகதி தெரியாவிட்டால் வருஷக் கணக்கில் தேடச் சொல்லலாம், அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. தாய் தகப்பன் பெயரைப் பதக்கத்தில் உள்ள பெயரோடு எப்படியெல்லாம் ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம் என்று ஒரு தாளில் நாலைந்து விதமாக எழுதிக் கொண்டு போங்கள். தாத்தாவின் பிறப்புப் பதிவையும் எடுங்கள். இருவருக்கும் ஒரே தாய் தகப்பன், ஒரே தோட்டம் என்று வந்தால் வாதாடவே தேவையில்லை.

தோட்டத்து ஆபீசில் ஆட்களின் வேலையும் சம்பளமும் எழுதும் பழைய செக்ரோல் இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். அவர் பட்டாளத்துக்குப் போகும் முன் பேர் போட்டு வேலை செய்திருந்தால் அதில் இருக்கும். ஆங்கிலத்தில் கடிதம் எழுத நான் உதவுகிறேன்.

மாத்தளை மைந்தன்:

பேரன், என் பழைய பதிவை அழிக்கவில்லை, அதில் சொன்னதை இன்னும் நம்புகிறேன். ஆனால் இந்தப் புசல்லாவை விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். எனக்குக் கச்சேரியில் ஆள் பழக்கம் உண்டு, பழைய பதிவேடு தேடுவது எப்படி என்று தெரிந்தவர். தனிச்செய்தியில் தோட்டத்தின் பெயரை அனுப்புங்கள்.

கோத்தகிரி அக்கா:

தம்பி, துறையூர்ப் பக்கத்து வேலையை எங்களிடம் விடுங்கள். கண்டியிலிருந்து வந்த அந்தப் பட்டாளத்துக் கடிதம் சொந்தக்காரர் வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். கிராமத்தின் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் சொல்லுங்கள், எந்தப் பங்காளி வகையறா என்று கண்டுபிடித்துவிடலாம். ஆடி நோன்புக்கு என் தம்பி அந்தப் பக்கம் போகிறான்.

புசல்லாவைப் பேரன்:

இருவருக்கும் தனிச்செய்தி அனுப்பிவிட்டேன். எங்கள் தோட்டம் நுவரெலியாப் பக்கம்தான், அப்பா உறுதியாகச் சொல்கிறார். திங்கட்கிழமை லீவு போட்டுக் கச்சேரிக்குப் போகிறேன். டீச்சர், பெயரை எழுதக்கூடிய விதங்களை அப்பாவும் நானும் இருந்து எழுதினோம், ஏழு விதம் வந்திருக்கிறது. படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன், விடுபட்டது ஏதும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.